சர்வர் படுத்த இரவில் குறிப்பு எங்கே இருந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

என் வீட்டுச் சர்வர் நின்றுபோனால் அதை மறுபடி எழுப்புவது எப்படி என்று படிப்படியாக எழுதி வைத்திருந்தேன். எந்தக் கண்டெய்னரை (தனிப் பொட்டலமாக ஓடும் மென்பொருளை) முதலில் தொடங்க வேண்டும், பேக்கப் எங்கே போகிறது, எந்தக் கோப்பில் என்ன அமைப்பு இருக்கிறது என்று எல்லாம் அதில் உண்டு. படங்கள் சேர்த்து, தலைப்புகள் பிரித்து, பல மாலைகள் உட்கார்ந்து எழுதிய பக்கம் அது. அந்தப் பக்கம் அதே சர்வரில் ஓடிய விக்கியில், அதாவது உலாவியில் பக்கம் பக்கமாக எழுதும் மென்பொருளில், இருந்தது. ஓர் இரவு அந்த விக்கி எழவில்லை.

அன்றைக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு சொந்தக் குறிப்புகளுக்கான மென்பொருளை நாங்கள் மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுத்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன். நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா மொழிபெயர்ப்பாளர். அவருடைய சொற்கோவை, படித்த நூல்களிலிருந்து எடுத்த குறிப்புகள், பாதியில் நிற்கும் வரைவுகள் எல்லாம் என் சர்வரில்தான் இருந்தன. என்னை நம்பி வைத்தவை என்பதால் அந்த இரவு என்னை அதிகமாகவே உலுக்கியது.

அந்த இரவு

விக்கிக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருந்தது. கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் அமைப்புக் கோப்பில் அதற்குப் பதிப்பு எண் எழுதாமல், 'கடைசியாக வந்தது எதுவோ அது' என்று விட்டிருந்தேன். இரவில் தானாகப் புதுப்பிக்கவும் ஏற்பாடு செய்திருந்தேன். பதினாறாம் பதிப்பு போய்ப் பதினேழு வந்து உட்கார்ந்துகொண்டது. போஸ்ட்கிரெஸில் முதன்மைப் பதிப்பு மாறினால் பழைய தரவுக் கோப்புறையைப் புதிய பதிப்பு அப்படியே திறக்காது. பழைய பதிப்பில் முழுவதையும் கொட்டி எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள மேம்படுத்தும் கருவியை ஓட்ட வேண்டும். இது ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

தீர்வு ஒரே வரிதான். அமைப்புக் கோப்பில் பதினாறு என்று எழுதியதும் தரவுத்தளம் எழுந்துவிட்டது, ஓர் எழுத்துகூடப் போகவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பிழைச்செய்தியை எங்கே பார்ப்பது, அமைப்புக் கோப்பு எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த எழாத விக்கிக்குள்தான் இருந்தன. நடுவில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, என் சொற்கோவை திறக்கலையே. நாளைக்குக் காலையில கொடுக்கணும்." கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேக்கப்பைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவுக் கோப்புறையைக் கோப்பு கோப்பாக நகலெடுத்து வந்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அப்படி நகலெடுத்தால் கோப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்கென்று உள்ள கொட்டும் கருவியால் எடுத்திருக்க வேண்டும். தரவு அன்றைக்கு உண்மையிலேயே போயிருந்தால், நான் மாதக்கணக்காகச் சேர்த்த பேக்கப் கைகொடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

என்ன தேவை என்று மறுபடி எழுதினோம்

முதல் தடவை தேர்ந்தெடுத்தபோது நான் பார்த்தது வசதிகளின் பட்டியலை. எடிட்டர் அழகாக இருக்கிறதா, வரைபடம் போட முடியுமா, இருட்டு வண்ணம் உண்டா. இந்தத் தடவை ஒரு தாளில் அக்கா அவருக்கு வேண்டியதை எழுதினார், நான் எனக்கு வேண்டியதை எழுதினேன். அக்காவின் தாளில் மூன்றே வரி. போனில் திறக்க வேண்டும். இணைப்பு இல்லாத இடத்திலும் எழுத முடிய வேண்டும். தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும்.

என் தாளில் இருந்தவை எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கிவிட்டன: மென்பொருளை நிறுத்திவிட்டால் வட்டில் என்ன மிச்சம் இருக்கும்? அதை நான் படிக்க முடியுமா?

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். குறிப்பும் ஆவணமும் ஒன்றல்ல. குறிப்பு என்பது அவசரத்தில் போட்டு வைப்பது, பாதி வாக்கியமாக இருக்கும், எழுதியவருக்குப் புரிந்தால் போதும். ஆவணம் வேறொருவர் படித்து அதன்படி செய்வதற்கானது, ஒழுங்கு வேண்டும், பழைய பதிப்பும் வேண்டும். முதல் தடவை இரண்டையும் ஆவணத்துக்கென்று அமைந்த ஒரே விக்கியில் திணித்தேன். ஒரு வரி எழுத வேண்டுமென்றாலும் எந்தப் பிரிவு, எந்தத் தலைப்பு என்று கேட்கும் மென்பொருளில் குறிப்பு சேராது. அக்கா பல குறிப்புகளைப் போனில் தனக்கே செய்தியாக அனுப்பி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நிறுத்திப் பார்க்கும் சோதனை

பன்னிரண்டு மாதிரிக் குறிப்புகளைத் தேர்ந்தெடுத்தோம். நீளமான தமிழ்த் தலைப்பு உள்ளது ஒன்று, அட்டவணை ஒன்று, படங்கள் உள்ளது ஒன்று, ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுத்தவை நான்கு, அக்காவின் சொற்கோவையில் ஒரு பகுதி, இப்படி. ஒவ்வொரு மென்பொருளையும் நிறுவி, அதே பன்னிரண்டையும் ஏற்றி, ஒரு வாரம் பயன்படுத்தி, பிறகு மென்பொருளை நிறுத்திவிட்டு வட்டில் ஒரு குறிப்பைத் தேடி எடுக்க முயன்றேன்.

புக்ஸ்டாக் என்ற விக்கியை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். 2015 முதல் வளர்ந்து வருவது. அலமாரி, நூல், அத்தியாயம், பக்கம் என்று அதன் அடுக்குமுறை யாருக்கும் உடனே பிடிபடும். ஓர் அணி சேர்ந்து ஆவணம் எழுதினால் தயங்காமல் அதைச் சொல்வேன். ஆனால் எழுத்து இணையப் பக்க வடிவமான எச்.டி.எம்.எல்.ஆக மைஎஸ்க்யூஎல் வகைத் தரவுத்தளத்துக்குள் இருக்கும். எக்ஸ்போர்ட் வசதி நன்றாக இருக்கிறது, பக்கமாகவும் முழு நூலாகவும் எடுக்கலாம். ஆனால் எக்ஸ்போர்ட் செய்ய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என் கேள்வியே அது ஓடாத நேரத்தைப் பற்றியது.

அவுட்லைன் பார்க்கவும் எழுதவும் மிக இனிமையானது. அதற்குப் போஸ்ட்கிரெஸ் வேண்டும், ரெடிஸ் என்ற தற்காலிகத் தரவுச் சேவை வேண்டும், நான் பார்த்தபோது உள்நுழைவுக்குத் தனியாக ஓர் அடையாளச் சேவையையும் இணைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கு இவ்வளவு பாகங்கள் அதிகம். ஒவ்வொரு பாகமும் ஒருநாள் நிற்கக்கூடியது. அதன் உரிமமும் முழுமையான திறமூலம் கிடையாது. பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் என்ற வகை, நிரல் கண்ணுக்குத் தெரியும், பயன்பாட்டில் கட்டுப்பாடு உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக்கு அது தடையில்லை என்றாலும் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

விக்கி.ஜேஎஸ் தரவுத்தளத்தில் வைத்தாலும் பக்கங்களை மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவம் காட்டும் உரை) கோப்புகளாக ஒரு கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியத்துக்கும் அனுப்பக்கூடியது. நிறுத்திப் பார்க்கும் சோதனையில் அதனால் தேறியது. போனில் இணைப்பில்லாமல் எழுத முடியாததால் அக்காவின் தாளில் தோற்றது.

ட்ரிலியத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே குறிப்பை மரத்தின் பல கிளைகளில் வைக்கலாம் என்பது. மொழிபெயர்ப்பாளருக்கு அது வரம் மாதிரி. ஒரு சொல் சட்டத்திலும் வரும், சமையலிலும் வரும். எல்லாம் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகையின் ஒரே கோப்பில் இருக்கும். அந்த வடிவம் உறுதியானது, திறப்பதற்குக் கருவிகள் ஏராளம். 2024இன் தொடக்கத்தில் அதை உருவாக்கியவர் இனிப் பராமரிப்பு மட்டும்தான் என்று அறிவிக்க, சமூகம் ட்ரிலியம்நெக்ஸ்ட் என்ற பெயரில் எடுத்து வளர்த்தது. நல்லபடியாகவே வளர்கிறது. ஆனால் ஒரு மனிதர் ஓய்வு கேட்பது நியாயமானது, எந்தத் திட்டத்திலும் நடக்கக்கூடியது என்பதை அந்த நிகழ்வு எனக்கு நினைவூட்டியது. என் குறிப்புகள் யாருடைய ஓய்வுக்கும் தடையாக இருக்க வேண்டியதில்லை.

ஜாப்ளின் போனில் அருமையாக வேலை செய்தது, இணைப்பில்லாமலும் எழுதலாம், முனைக்கு முனை குறியாக்கமும் உண்டு. சர்வரில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குறிப்பும் முப்பத்திரண்டு எழுத்து அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பாகக் கிடக்கிறது. குறியாக்கத்தை இயக்கினால் உள்ளேயும் படிக்க முடியாது, அதற்காகத்தானே குறியாக்கம். மற்றவர் சர்வரில் வைப்பவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு என்பேன். எங்கள் நிலைமை வேறு.

டோகுவிக்கி ஏறக்குறைய வென்றுவிட்டது. 2004இல் வந்தது, தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஓர் எளிய உரைக்கோப்பு, பழைய பதிப்புகள் பக்கத்திலேயே சுருக்கிய கோப்புகளாக இருக்கும். மென்பொருளை நிறுத்தினேன், கோப்புறைக்குள் போனேன், படித்தேன். அவ்வளவுதான். பிறகு அக்கா "காப்புநகலை மீட்டெடுக்கும் முறை" என்று ஒரு பக்கத்துக்குப் பெயர் வைத்தார். சேமிக்க மறுத்தது.

காரணத்தைத் தேடிப் பிடித்தேன். டோகுவிக்கி இயல்பாகப் பக்கப் பெயரை இணைய முகவரியில் வரும் விதத்தில் மாற்றிக் கோப்புக்குப் பெயர் வைக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்ணாக வைக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகிறது. ஆக, ஒரு குறியீட்டுக்கு 9. அந்தப் பெயரில் க, கால், ப, புள்ளி என்று தனித்தனியாக எண்ணினால் 28 குறியீடுகள், 252 வந்துவிட்டது. இரண்டு இடைவெளியும் கோப்பு நீட்சியின் (.txt) நான்கும் சேர்த்தால் 258. லினக்ஸில் வழக்கமான கோப்புமுறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் அதே பெயர் 90 பைட்டில் முடிந்துவிடுகிறது, கோப்புறையில் தமிழிலேயே தெரிகிறது. டோகுவிக்கியில் தமிழ் எழுதப் போகிறவர்கள் முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே இதை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய கோப்புகளுக்கெல்லாம் பெயர் மாற்றும் வேலை தனி.

டோகுவிக்கியைக் கடைசியில் விட்டதற்குக் காரணம் அது இல்லை. அதன் குறியிடும் முறை அதற்கே உரியது, மார்க்டவுன் வேறு. அக்கா மற்ற எல்லா இடத்திலும் மார்க்டவுன் எழுதுகிறார், அவர் விரல்களை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணைப்பில்லாமல் எழுதும் வசதியும் இல்லை.

தமிழில் தேடினால்

அக்காவின் தாளில் மூன்றாவது வரிக்கு வருவோம். இதில்தான் நாங்கள் அதிகம் கற்றோம்.

சோதித்த மென்பொருள் ஒன்றில் அக்கா 'காடு' என்று தேடினார். காடு வந்தது, கூடவே கூடு, கேடு, கோடு, கோடை எல்லாம் வந்தன. அக்கா சிரிக்கவில்லை, சொற்கோவையே அவருடைய பிழைப்பு. பின்னணி இதுதான்: எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடலில் இயல்பாக உள்ள சொற்பிரிப்பான், யூனிகோடில் 'எழுத்து', 'எண்' என்று வகைப்படுத்தியவற்றை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம்முடைய கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' என்ற வகை. அவை இடைவெளி போலக் கருதப்பட்டு, 'காடு' க, ட என்று இரண்டு துண்டாகிவிடுகிறது. கூடு, கேடு, கோடு, கோடை எல்லாமே அதே க, ட. குறி வகையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு எஸ்க்யூலைட்டில் இருக்கிறது. மென்பொருளை எழுதியவர் அதைப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவே. உங்கள் மென்பொருளில் இந்த ஐந்து சொற்களையும் தனித்தனிக் குறிப்பாக எழுதிவிட்டு ஒன்றைத் தேடிப் பாருங்கள், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஒகரம். 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளிலும் பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய பகுதிகளிலும் இரண்டாவது வகை நிறையவே இருந்தது. யூனிகோடின் இயல்பாக்க முறை, என்எஃப்சி என்பது, இதைச் சரிசெய்துவிடும். ஒரு சிறு நிரல் எழுதி எல்லாக் கோப்புகளையும் அதன் வழியாக ஓட்டினேன். ஆனால் 'மௌனம்' என்பதை எகரக் கொம்பும் ளகரமும் போட்டு 'மெளனம்' என்று அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, அதில் இருப்பது உண்மையான ளகரம். அவற்றை அக்கா கையால் திருத்தினார்.

வேற்றுமை உருபு ஏறினால் சொல் மாறுவது இன்னும் பெரிய விஷயம். 'கிணறு' என்று தேடினால் 'கிணற்றில்' கிடைக்காது. போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் சொல்லின் விகுதியை வெட்டிப் பார்க்கும் அகராதி சேர்ந்திருக்கிறது. ஆனால் மென்பொருள் அந்த அகராதியைத் தேர்ந்தெடுத்தால்தான் பயன். நாங்கள் பார்த்தவற்றில் தமிழைத் தேர்ந்தெடுக்க எளிய வழி தென்படவில்லை. எனவே இந்த ஒரு விஷயத்தில் யாரும் வெல்லவில்லை.

முடிவு

ஒரு கோப்புறை. அதற்குள் மார்க்டவுன் கோப்புகள். இதுதான் நாங்கள் தேர்ந்தெடுத்தது. மென்பொருள் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அந்தக் கோப்புறையை உலாவியில் திறந்து எழுத சில்வர்புல்லட்டை நிறுவினோம். அது கோப்புகளைக் கோப்பாகவே வைத்திருக்கிறது, போன் உலாவியில் செயலி போல நிறுவலாம், இணைப்பில்லாதபோதும் எழுதலாம். பெரிய நிறுவனம் எதுவும் அதன் பின்னால் இல்லை. அது எனக்குக் கவலையாக இல்லை, நாளைக்கே நின்றாலும் கோப்புறை அப்படியே இருக்கும், வேறு எடிட்டரால் திறந்துகொள்ளலாம். என் மேசைக் கணினியில் நான் சாதாரண எடிட்டரில்தான் எழுதுகிறேன். கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் வழியாக அந்தக் கோப்புறையின் நகல் அங்கே எப்போதும் இருக்கிறது. சர்வர் நின்றாலும் சர்வரை எழுப்பும் குறிப்பு என் கண்முன்னே இருக்கும்.

மணிக்கொரு முறை கிட் பதிவு செய்கிறது, பழைய பதிப்பு வேண்டுமென்றால் அதில் எடுக்கலாம். கிட் இயல்பாகத் தமிழ்க் கோப்புப் பெயர்களை எண் வரிசைகளாகக் காட்டும், 'கோட்பாத்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழிலேயே காட்டும். இரவில் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி குறியாக்கம் செய்து வெளியிடத்துக்கு ஒரு நகல் அனுப்புகிறது. சர்வர் வெளி இணையத்தில் திறந்திருக்கவில்லை, வயர்கார்டு என்ற தனிப்பட்ட மறைவழி (விபிஎன்) வழியாகத்தான் நுழைய முடியும். ஆனாலும் உலாவியில் இணைப்பில்லாமல் இயங்கும் வசதிக்குப் பாதுகாப்பான இணைப்பு கட்டாயம், அதனால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. தளப்பெயர்ப் பதிவான டிஎன்எஸ் வழியாகச் சரிபார்த்தால் எந்த வாசலையும் திறக்காமலேயே வாங்கிவிடலாம்.

இடம் மாற்றும் வேலை நான் நினைத்ததைவிட நீண்டது. பழைய விக்கியிலிருந்து எச்.டி.எம்.எல்.ஆக எடுத்து, பேண்டாக் என்ற வடிவம் மாற்றும் கருவியால் மார்க்டவுனாக்கினேன். கட்டங்களை இணைத்த அட்டவணைகள் சிதைந்தன. பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகள் எண்களாக வந்தன, எண்ணுக்கும் தலைப்புக்கும் பட்டியல் போட்டு மாற்றினேன். மிக முக்கியமானதைக் கடைசியில்தான் கவனித்தேன்: எல்லாக் கோப்புகளுக்கும் எக்ஸ்போர்ட் செய்த நாளே தேதியாகிவிட்டது. அக்காவுக்கு எந்தச் சொல்லை எந்த ஆண்டில் எப்படி மொழிபெயர்த்தார் என்பது முக்கியம். தரவுத்தளத்திலிருந்து பழைய தேதிகளை எடுத்து ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதினேன். இடம் மாறும் யாருக்கும் சொல்வேன், தேதியை முதலில் காப்பாற்றுங்கள்.

ஓராண்டு ஆன பிறகு

குறைகள் இருக்கின்றன. ஒரே பக்கத்தை அக்கா போனிலும் நான் கணினியிலும் ஒரே நேரத்தில் திருத்தி, இரண்டு நகல் உருவானது ஒரு தடவை நடந்தது. இரண்டையும் வைத்து உட்கார்ந்து சேர்த்தோம். யாருக்கு எந்தப் பக்கம் தெரியலாம் என்று பிரிக்க இதில் வழி இல்லை. மூன்றாவது ஒருவர் சேர்ந்தால் இந்த ஏற்பாடு தாங்காது, அப்போது புக்ஸ்டாக் பக்கம் போவேன். 'கிணறு' பிரச்சினைக்கு அக்காவே வழி வைத்திருக்கிறார், 'கிண' வரை அடித்துவிட்டுக் கண்ணால் பொறுக்கிக்கொள்கிறார். ஆனால் போனில் தனக்கே செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார். அது எனக்குப் பெரிய விஷயம்.

சர்வரை எழுப்பும் குறிப்பு இப்போது தாளிலும் இருக்கிறது. ரெஸ்டிக்கின் கடவுச்சொல் போனால் பேக்கப்பும் போனது போலத்தான், அதனால் அதுவும் அந்தத் தாளில் கையால் எழுதியிருக்கிறது. போன மாதம் ஒத்திகை பார்த்தோம். ஒரு பழைய மடிக்கணினியை அக்காவிடம் கொடுத்து, தாளையும் கொடுத்து, நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். எதுவும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இருபது நிமிடம் கழித்துக் குரல் வந்தது. "மூணாவது படியில இதை எந்தக் கோப்புறையில இருந்து அடிக்கணும்னு நீ எழுதவே இல்லையே, தம்பி."

எழுதவில்லைதான். எனக்கு அது விரலிலேயே இருந்ததால் தாளில் வரவில்லை. அக்கா அவராகவே கண்டுபிடித்து முடித்தார். சொற்கோவை திறந்தது, நான்கு நாளைக்கு முன் சேர்த்த சொல்வரை எல்லாம் இருந்தது. தாளில் மூன்றாவது படிக்கு மேலே இப்போது பென்சிலில் ஒரு வரி இருக்கிறது, அக்காவின் கையெழுத்தில்: 'முதலில் குறிப்புகள் கோப்புறைக்குள் போகவும்'.